ஜாஸ் பியானோவில் முதல் இம்ப்ரொவைசேஷன்: எஃப் ப்ளூஸை வைத்துப் பழகும் முறை

ஜாஸ் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கேல் பட்டியலில்தான் போய் விழுகிறார்கள். டோரியன், மிக்ஸோலிடியன் என்று பன்னிரண்டு கீயிலும் ஏற்றி இறக்கி விரல் நன்றாக ஓடத் தொடங்கிவிடும். ‘சரி, ஒரு சோலோ வாசியுங்கள்’, அதாவது அந்த நேரத்தில் தோன்றும் மெட்டை இம்ப்ரொவைஸ் செய்து வாசியுங்கள் என்றதும் கை நின்றுவிடும். எந்த பாரில் (நான்கு பீட் கொண்ட துண்டில்) இருக்கிறோம், அடுத்து எந்த கார்ட் வருகிறது, எடுத்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற மூன்றும் காதில் ஏறாதவரை ஸ்கேல் எத்தனை தெரிந்தும் கைக்கு உதவாது.

அதனால் இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஓர் அமைப்பு: எஃப் கீயில் பன்னிரண்டு பார் ப்ளூஸ். 1945ல் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதிவுசெய்த ‘நவ்ஸ் த டைம்’ இதே எஃப் ப்ளூஸ்தான். இதில் மூன்று நான்கு மாதம் உட்காரலாம். அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் எதிலும் வழி தவறாமல் ஒரு சுற்று முடிப்பதில்லை.

முன்தேவை அதிகமில்லை. மேஜர் ஸ்கேல் இரண்டு கையிலும் ஓரளவு வர வேண்டும். 7 கார்ட் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்: எஃப் 7 என்றால் எஃப், ஏ, சி, ஈ-ஃபிளாட். அவ்வளவுதான்.

கருவி

88 கட்டை உள்ள பியானோ இருந்தால் நல்லது. 61 கட்டை கீபோர்டும் போதும், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் டச் வசதி கட்டாயம். எல்லா நோட்டும் ஒரே சத்தத்தில் வரும் கீபோர்டில் ஸ்விங் வராது. ஆட்டோ ஸ்டைலை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் இடது கை செய்ய வேண்டிய வேலையைக் கருவியே செய்துவிடும். மெல்லிசைக் குழுவிலும் சர்ச்சிலும் வாசித்துப் பழகியவர்களுக்குக் கை தானாக ட்ரான்ஸ்போஸ் பொத்தானுக்குப் போகும். அதையும் தொட வேண்டாம். சஸ்டெயின் பெடலை முதல் மூன்று மாதத்துக்குக் கழற்றியே வைத்துவிடலாம். விரலால் கோக்க வேண்டிய நோட்டுகளை பெடல் பூசி மறைத்துவிடும், தப்பு எங்கே என்றே தெரியாது.

சட்டகம்

எஃப் 7 | பி-ஃபிளாட் 7 | எஃப் 7 | எஃப் 7
பி-ஃபிளாட் 7 | பி-ஃபிளாட் 7 | எஃப் 7 | டி 7
ஜி மைனர் 7 | சி 7 | எஃப் 7 | சி 7

ஒவ்வொரு பாருக்கும் நான்கு பீட், ஆக ஒரு சுற்றுக்கு 48 பீட். இதைத்தான் கோரஸ் என்பார்கள். நிமிடத்துக்கு 80 பீட் வேகத்தில் ஒரு கோரஸ் 36 விநாடி ஓடும். சோலோ எத்தனை கோரஸ் போனாலும் இந்தச் சட்டகம் மாறாது.

கையை வைக்கும் முன் வாயால் எண்ணுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, *இரண்டு*-இரண்டு-மூன்று-நான்கு, *மூன்று*-இரண்டு-மூன்று-நான்கு என்று ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் அந்த பாரின் எண் வர வேண்டும். பிறகு ஏதாவது ஒரு ப்ளூஸ் பதிவைப் போட்டு அதன்மேல் எண்ணுங்கள். ஐந்தாவது பாரில் நாலாம் கார்ட் (எஃப்பிலிருந்து நான்காவது நோட்டில் அமையும் பி-ஃபிளாட் 7) வந்து அடி மாறுவதும், ஒன்பதாவது பாரில் பாட்டு வீடு திரும்பத் தயாராவதும் எண்ணாமலே தெரிகிற நாள் வரும். பின்னாளில் சோலோவில் தொலைந்துபோனால் பிடித்துக்கொள்ள இந்த இரண்டு இடங்கள்தான் தூண்கள்.

இடது கை: இரண்டு நோட்

தொடக்கக்காரர்கள் இடது கையில் நான்கு நோட்டையும் சேர்த்துப் பிடிப்பார்கள். ஒலி சேறாகும், கார்ட் மாறும்போது கை குதிக்கும். கார்ட்டின் குணத்தைச் சொல்வது அதன் பெயர் நோட்டிலிருந்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவது நோட்டும் ஏழாவது நோட்டும் (எஃப் 7க்கு ஏ, ஈ-ஃபிளாட்) மட்டுமே. அந்த இரண்டை மட்டும் பிடியுங்கள், மிடில் சிக்குக் கீழே உள்ள டியிலிருந்து மிடில் சி வரையுள்ள இடத்துக்குள். கீழ் நோட்டுக்குச் சுண்டுவிரல், மேல் நோட்டுக்குக் கட்டைவிரல்.

எஃப் 7: ஈ-ஃபிளாட், மேலே ஏ
பி-ஃபிளாட் 7: டி, மேலே ஏ-ஃபிளாட்
டி 7: எஃப்-ஷார்ப், மேலே மிடில் சி
ஜி மைனர் 7: எஃப், மேலே பி-ஃபிளாட்
சி 7: ஈ, மேலே பி-ஃபிளாட்

வாசித்துப் பாருங்கள். எஃப் 7லிருந்து பி-ஃபிளாட் 7க்குப் போக இரண்டு விரலும் ஒரே ஒரு கட்டை, அதாவது அரை ஸ்வரம் கீழே இறங்குகின்றன. சி 7லிருந்து எஃப் 7க்கும் அப்படியே. ஜி மைனரிலிருந்து சி 7க்கு மேல் விரல் அசையாது, கீழ் விரல் மட்டும் எஃப்பிலிருந்து ஈக்கு நகரும். பன்னிரண்டு பாரில் உண்மையான தாவல் ஏழாவது பாரிலிருந்து எட்டாவதற்கு மட்டும்தான். பொதுவாகத் தடுமாறும் இடமும் அதுவே. அந்த இரண்டு பாரை மட்டும் தனியாக இருபது முறை போய் வாருங்கள்.

‘எஃப் 7இல் எஃப்பே இல்லையே?’ என்று தோன்றும். குழுவில் அது பேஸ் வாசிப்பவர் வேலை. தனியாகப் பழகும்போது முதல் வாரம் மட்டும் பீட் ஒன்றில் கீழே எஃப், பீட் இரண்டில் மேலே இரண்டு நோட் என்று பிரித்து வாசித்தால் காது கார்ட்டை முழுதாகக் கேட்கும். அதன் பிறகு பேஸும் டிரம்ஸும் உள்ள பின்னணி வைத்துக்கொள்ளலாம். ஐரியல் ப்ரோ செயலியில் வேகத்தையும் கீயையும் மாற்றலாம், பியானோவை மட்டும் ஒலியில்லாமல் செய்யலாம்.

இப்போது தாளம். ஒரு பாரை ‘ஒன்று-உம்-இரண்டு-உம்-மூன்று-உம்-நான்கு-உம்’ என்று எட்டாகச் சொல்லுங்கள். முதல் அடி ‘ஒன்று’வில், இரண்டாவது அடி ‘இரண்டு’க்குப் பின் வரும் ‘உம்’மில். முதலாவது சற்று நீளம், இரண்டாவது வெட்டு. இதற்கு சார்ல்ஸ்டன் என்று பெயர். இடது கை இதை மூன்று கோரஸ் பிசகாமல் ஓட்டும் வரை வலது கை மடியில் இருக்கட்டும். நிலைத்த பிறகு இன்னொன்று: ‘இரண்டு’க்குப் பின் உள்ள ‘உம்’மிலும் ‘நான்கு’க்குப் பின் உள்ள ‘உம்’மிலும் மட்டும் அடிப்பது. பியானோ கலைஞர் ரெட் கார்லண்டின் இடது கையில் அடிக்கடி கேட்பது இதுதான். ஒரு நுணுக்கம் உண்டு. ‘நான்கு-உம்’மில் அடிக்கும்போது அடுத்த பாரின் கார்ட்டை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பழைய கார்ட்டையே பிடித்தால் பாட்டு பின்னுக்கு இழுப்பதுபோல் கேட்கும்.

ஸ்விங்கும் மெட்ரோனோமும்

ஸ்விங் எட்டாம் நோட்டை விளக்கத் தமிழில் கைவசம் ஒரு சொற்கட்டே இருக்கிறது. ஒரு பீட்டைத் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரியுங்கள். ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் நோட் விழ வேண்டும், ‘கி’யில் முந்தைய நோட் நீள வேண்டும், நின்றுவிடக் கூடாது. நடுத்தர வேகத்துக்கு இது சரியாக இருக்கும். வேகம் ஏற ஏற இரண்டு நோட்டும் சம அளவை நெருங்கும். 200ஐத் தாண்டிய வேகத்திலும் ‘தகிட’வை விடாமல் பிடித்தால் குதிரை நொண்டுவதுபோல் இருக்கும்.

கிரேடு தேர்வுக்குப் படித்து வந்தவர்களிடம் இங்கே ஒரு சிக்கல் வரும். ‘த’வில் அழுத்தி ‘ட’வைத் துண்டாக வெட்டுவார்கள். ஜாஸில் நேர்மாறு: வரி கோத்துக்கொண்டே போக வேண்டும், லேசான அழுத்தம் ‘ட’வில் விழ வேண்டும். எஃப் மேஜர் ஸ்கேலையே எடுத்து, ‘ட’வில் விழும் நோட்டுகளை மட்டும் சற்று அழுத்தி, இடைவெளி விடாமல் பத்து நாள் ஏற்றி இறக்குங்கள். ஸ்கேல் பயிற்சிக்கு இந்தக் கட்டத்தில் உள்ள உருப்படியான உபயோகம் இதுவே.

மெட்ரோனோமை நான்கு பீட்டுக்கும் வைக்காமல் இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலிக்க வையுங்கள். பாட்டின் வேகம் 80 என்றால் மெட்ரோனோமில் 40. முதல் ஒலியைக் கேட்டு ‘இரண்டு’ என்று சொல்லுங்கள், அடுத்ததற்கு ‘நான்கு’. இடையில் உள்ள ஒன்றையும் மூன்றையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். முதலில் இரண்டு நிமிடத்துக்குள் ஒலி உங்கள் ஒன்றிலும் மூன்றிலும் வந்து உட்கார்ந்துவிடும். கோபப்படாமல் நிறுத்தி மறுபடி எண்ணித் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் வசப்படும்.

வலது கை: குறைவாகத் தொடங்குவது

முதல் நாள் வலது கைக்கு ஒரே ஒரு நோட், மிடில் சிக்கு மேலே உள்ள எஃப். அதை வைத்து மூன்று கோரஸ் சோலோ வாசியுங்கள். நீட்டலாம், வெட்டலாம், இரண்டு பார் சும்மா இருக்கலாம். ஸ்வரத்தில் வேலை இல்லாததால் கவனம் முழுக்கத் தாளத்துக்குப் போகும். சலிப்பாக இருந்தால், சலிப்புத் தட்டுவது உங்கள் தாளத்தில் என்று கொள்க. டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’ மெட்டு முழுக்க ஜி, சி என்ற இரண்டே நோட்டில் நிற்கிறது, தாளம் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

அடுத்து மூன்று நோட்: சி, ஈ-ஃபிளாட், எஃப். இவை பன்னிரண்டு பாரிலும் பெரிதாக மோதாது. விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பார் வாசிப்பு, இரண்டு பார் மௌனம். ப்ளூஸ் பாடல்களில் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதாக ஒரு பதில் வரியைச் சொல்வார்கள். அதே அமைப்பை எடுங்கள். ஒன்றாவது பாரில் ஒரு வாக்கியம், ஐந்தாவதில் அதே வாக்கியம், ஒன்பதாவதில் வேறொன்று. ஐந்தாவதில் திரும்ப வாசிக்க வேண்டும் என்றால் முதலில் வாசித்தது நினைவில் இருக்க வேண்டுமல்லவா? அந்த நினைவுக்குத்தான் இந்தப் பயிற்சி. மௌன பாரில் கை துறுதுறுக்கும், அடக்குங்கள். பியானோ கலைஞர் கவுன்ட் பேஸி பேர் வாங்கியது எண்ணி வைத்த நோட்டுகளால்தான்.

மூன்று நோட்டில் ஐந்து நிமிடம் தொலையாமல் போக முடிந்தால் ப்ளூஸ் ஸ்கேலுக்கு வரலாம்: எஃப், ஏ-ஃபிளாட், பி-ஃபிளாட், பி, சி, ஈ-ஃபிளாட். இதில் பி என்பது கடந்துபோகும் நோட். பி-ஃபிளாட்டுக்கும் சிக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போனால் இனிக்கும், அதன்மேல் நின்றால் கடிக்கும்.

ப்ளூஸ் ஸ்கேல் கைவந்ததும் பலர் அங்கேயே வீடு கட்டிவிடுகிறார்கள். ஒரு கோரஸ் நன்றாக இருக்கும், மூன்றாவது கோரஸில் எல்லா பாரும் ஒன்றுபோல் கேட்கும். ஆறு நோட்டும் எல்லா கார்ட்டுக்கும் பொது என்பதால் கார்ட் மாறியதை வலது கை சொல்வதே இல்லை.

கார்ட் மாறுவதைக் கேட்கச் செய்வது

இந்த இடத்தில்தான் வாசிப்பு ஜாஸாகத் தொடங்குகிறது. சாவி ஏற்கெனவே உங்கள் இடது கையில் இருக்கிறது. அங்கே கட்டைவிரல் பிடிக்கும் மேல் நோட்டுகளை மட்டும் எடுத்து, வலது கையில் ஓர் ஆக்டேவ் மேலே, பாருக்கு ஒரு நீண்ட நோட்டாக வாசியுங்கள்:

ஏ | ஏ-ஃபிளாட் | ஏ | ஏ
ஏ-ஃபிளாட் | ஏ-ஃபிளாட் | ஏ | சி
பி-ஃபிளாட் | பி-ஃபிளாட் | ஏ | பி-ஃபிளாட்

இடது கையை எடுத்துவிட்டு இதை மட்டும் வாசித்தாலும் ப்ளூஸ் நகர்வது கேட்கும். கூடவே பாடுங்கள். நான்காவது பாரின் ஏ, ஐந்தாவதில் ஏ-ஃபிளாட்டாக இறங்கும் அந்த ஒரு கட்டைதான் மொத்த ப்ளூஸின் உயிர். ப்ளூஸ் ஸ்கேலில் ஏ என்ற நோட்டே கிடையாது. அதை மட்டும் நம்பினால் இந்த இறக்கத்தை ஒருபோதும் வாசிக்க முடியாது.

இனி அந்த நோட்டுக்கு வழி அமைக்க வேண்டும். இலக்கு நோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருபுறமும் தொட்டு நடுவில் இறங்குவது. நான்காவது பாரின் கடைசி பீட்டில் பி-ஃபிளாட், அதன் ‘உம்’மில் ஜி, ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் ஏ-ஃபிளாட். மூன்றாவது பாருக்குள் நுழைய: பி-ஃபிளாட், ஏ-ஃபிளாட், பிறகு ஏ. முதல் இரண்டும் முந்தைய பாரின் கடைசி பீட்டில், மூன்றாவது புதிய பாரின் முதல் பீட்டில். தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை, இலக்கைத் தாமதமாகத் தொடுவது. பார் தொடங்கிய பிறகு வழியைத் தேடினால் பாட்டு முன்னால் போய்விடும். கார்ட் மாறுவதற்கு ஒரு பீட் முன்பே கண்ணும் காதும் அங்கே போயிருக்க வேண்டும்.

கல்பனாஸ்வரம் பாடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததே. எங்கே சுற்றினாலும் எடுப்பில் வந்து இறங்கும் கணக்கு அவர்களுக்குக் கைவந்தது. புதிதாகப் பழக வேண்டியது, இறங்கும் இடத்தின் ஸ்வரம் பாருக்குப் பார் மாறும் என்பதை.

இரண்டாவது கருவி, ஒவ்வொரு கார்ட்டின் மூன்றாவது நோட்டிலிருந்து ஏறுவது. எஃப் 7க்கு ஏ, சி, ஈ-ஃபிளாட், ஜி. பி-ஃபிளாட் 7க்கு டி, எஃப், ஏ-ஃபிளாட், சி. எட்டாவது பாரில் டி 7க்கு எஃப்-ஷார்ப், ஏ, சி, ஈ-ஃபிளாட் என்று மூன்றாவது நான்காவது பீட்டுகளில் ஏறி, ஒன்பதாவது பாரின் முதல் பீட்டில் டியில் இறங்குங்கள். ஈ-ஃபிளாட்டிலிருந்து டிக்கு இறங்கும் அந்த அரை ஸ்வரத்தில் ‘அட, இது ஜாஸ்’ என்று காது சொல்லும். இதை உடனே எல்லா பாரிலும் தூவ வேண்டாம். ஒரு கோரஸுக்கு ஒரு முறை, எட்டாவது பாரில் மட்டும்.

மூன்றாவது, இறங்கு வரிசை. எஃப்பிலிருந்து எஃப், ஈ-ஃபிளாட், டி, சி, பி-ஃபிளாட், ஏ, ஜி, எஃப் என்று பீட்டுக்கு இரண்டு நோட்டாக இறங்கினால், ஈ-ஃபிளாட், சி, ஏ ஆகிய கார்ட் நோட்டுகள் எல்லாம் ‘உம்’மில் போய் விழும், பீட்டில் விழுவது டி, பி-ஃபிளாட், ஜி. எஃப்புக்கும் ஈ-ஃபிளாட்டுக்கும் நடுவே ஈயைச் செருகுங்கள். இப்போது நான்கு பீட்டிலும் முறையே எஃப், ஈ-ஃபிளாட், சி, ஏ. ஒரு கூடுதல் நோட் முழு வரியையும் நிமிர்த்திவிட்டது. இதைத்தான் பீபாப் ஸ்கேல் என்கிறார்கள். எஃப்பைப் பீட்டில் தொடங்கினால்தான் இந்தக் கணக்கு சரிவரும். ‘உம்’மில் தொடங்கினால் எல்லாமே இடம் மாறிவிடும்.

பதிவிலிருந்து எடுப்பது

ஸ்விங்கும் தொனியும் எந்தக் கட்டுரையிலிருந்தும் வராது, பதிவைக் கேட்டு வாசித்தால்தான் வரும். தொடக்கத்துக்கு ஏற்றது ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் உள்ளது. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானது. அந்த ஆல்பத்தில் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி. மற்றவற்றில் பில் எவன்ஸ். மெட்டு முடிந்ததும் முதல் சோலோ கெல்லியுடையது. கீ பி-ஃபிளாட். சோலோக்களில் கடைசி இரண்டு பாரும் பி-ஃபிளாட்டுக்குத் திரும்பாமல் ஏ-ஃபிளாட் 7இல் நிற்கும். இது தெரியாமல் வழக்கமான ப்ளூஸ் என்று எண்ணிக்கொண்டு போனால் அங்கே காது குழம்பும்.

நான்கு பார் மட்டும் எடுங்கள். முதலில் ஐம்பது முறையானாலும் கேட்டு, கூடவே வாயால் முனகுங்கள், தாளத்தோடும் அழுத்தத்தோடும். முனக வராததை விரலும் வாசிக்காது. பிறகு 75 சதவீத வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு நோட்டாகக் கட்டையில் தேடுங்கள். கெல்லியோடு சேர்ந்து வாசித்து, எது பதிவு எது நீங்கள் என்று பிரிக்க முடியாதபடி ஆன பிறகே காகிதம். இணையத்தில் கிடைக்கும் எழுதிய பிரதியைப் பார்த்து வாசித்தால் வேலை சீக்கிரம் முடியும். காதுக்கு ஒன்றும் மிஞ்சாது. நான்கு பாரும் வந்த பின் அதில் பிடித்த ஒரு துண்டை எஃப் கீக்கு மாற்றி உங்கள் சோலோவுக்குள் வையுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

நாற்பது நிமிடம் போதும், தினமும் வேண்டும். இடது கை மட்டும் பத்து நிமிடம். கட்டுப்பாட்டோடு சோலோ பதினைந்து நிமிடம்: இன்று மூன்று நோட், நாளை இலக்கு நோட்டுகள் என்று ஒன்றே ஒன்று. பதிவிலிருந்து எடுப்பது பத்து. கடைசி ஐந்து நிமிடம் ஒரு விதியும் இல்லாமல் வாசித்து செல்போனில் பதிவுசெய்யுங்கள். 80 வேகத்தில் அது எட்டு கோரஸ்.

அந்தப் பதிவை அன்றே கேட்க வேண்டாம். கை வாசித்தது இன்னும் நினைவில் இருக்கும். நினைத்ததைத்தான் கேட்பீர்கள், வாசித்ததை அல்ல. மறுநாள் கேட்டு மூன்றே கேள்வி: சுற்று எங்காவது தவறியதா, வலது கை மும்முரமானபோது இடது கை நின்றதா, மூச்சு விட இடம் இருந்ததா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். வாசிக்கும்போது வாக்கியத்தை வாயால் ஊதுவதுபோல் மூச்சு விட்டு, மூச்சு தீர்ந்ததும் நிறுத்திப் பழகினால் சரியாகும்.

சோலோ நடுவில் தொலைந்தால் வலது கையை எடுத்துவிட்டு இடது கையை மட்டும் ஓட்டுங்கள். நின்று முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் வேண்டாம். உடன் வாசிக்கிறவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். ஐந்தாவது பாரோ ஒன்பதாவது பாரோ காதில் பட்டதும் ஏறிக்கொள்ளலாம். தப்பான நோட் விழுந்தால் அரை ஸ்வரம் மேலேயோ கீழேயோ நகருங்கள், இரண்டில் ஒன்றில் பெரும்பாலும் கார்ட் நோட் காத்திருக்கும்.

எஃப்பில் 120 வேகத்தில் ஆறு கோரஸ் தொலையாமல் போக முடிந்தால் பி-ஃபிளாட்டுக்கு நகருங்கள். கெல்லி எடுத்த கீ என்பதால் அவர் துண்டுகள் அப்படியே உதவும். இடது கை இம்முறை டி, ஏ-ஃபிளாட்டில் தொடங்கும், அது பி-ஃபிளாட் 7. ஈ-ஃபிளாட் 7க்கு டி-ஃபிளாட், ஜி. எட்டாவது பாரின் ஜி 7க்கு எஃப், பி. சி மைனர் 7க்கு ஈ-ஃபிளாட், பி-ஃபிளாட். எஃப் 7 உங்களுக்குத் தெரிந்த அதே ஈ-ஃபிளாட், ஏ.